பறையா, வில்லா, பாவையா, கும்மியா: கொடைக்கானல் சாலைக்கு எந்தக் கலை?

சீசன் நெருங்கினால் கொடைக்கானலில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். பெருமாள்மலையில் வண்டி நிற்கிறது, மூஞ்சிக்கல்லில் வண்டி நிற்கிறது, ஆம்புலன்ஸ் போக வழியில்லை, பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலைக் கிராமங்களுக்குப் போகிற பஸ் ஏரிப்பக்கமே சிக்கிக்கொண்டது. இதைப் பற்றி மக்களிடம் பேச வேண்டும், நோட்டீஸும் பேனரும் இல்லாமல் நாட்டுப்புறக் கலை வழியாகப் பேச வேண்டும் என்று எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களும், இளைஞர்கள் சிலரும், காட்டேஜ் நடத்துகிற சிலரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பேருந்தில் வாருங்கள், ஒரே வழிக்குப் போகிறவர்கள் ஒரே வண்டியில் போங்கள், நடக்கிற தூரத்துக்கு நடங்கள். சொல்ல வேண்டிய விஷயம் இவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு கலையைத்தான் உருப்படியாக எடுத்துச் செய்ய முடியும். எதை எடுப்பது என்பதில்தான் பேச்சு முடியாமல் நிற்கிறது. பறையாட்டம், வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து, கும்மி என்று நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்தும் விசாரித்தும் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். என் ஓட்டு கும்மிக்கு. ஆனால் மற்ற மூன்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை; ஒன்றுக்கு இடமே வேறு என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில், யாரிடம் பேசப்போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கலை எது என்பது அதற்கு அப்புறம்தான்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) எடுத்துத்தான் வர வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் கோடைகாலத்துக்கு உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இதை நன்றாக யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மதுரையிலோ சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் குடும்பம், காரில் வருவது என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவெடுத்து, பாஸும் எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வரிசையில் நிற்கும் அந்தக் காருக்கு முன்னால் போய் "பேருந்தில் வாருங்கள்" என்று ஆடினால் அவர்கள் என்ன செய்ய முடியும்? காரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கவா முடியும்? முன்பு ஒரு சீசனில் ஏரிக்கரையில் ஒரு தொண்டு நிறுவனம் வீதி நாடகம் போட்டது. நல்ல நாடகம்தான், நடித்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். கூட்டம் நின்று பார்த்தது, செல்போனில் எடுத்தது, கை தட்டியது, காரில் ஏறிப் போய்விட்டது. நாடகத்தில் குறை இல்லை. முடிவெடுத்து முடித்தவர்களிடம் போய்ப் பேசியதுதான் குறை.

அப்படியானால் முடிவு இன்னும் கையில் இருப்பவர்கள் யார்? கொடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, டாக்ஸியா பஸ்ஸா என்று நிற்கிறவர். வத்தலகுண்டு பேருந்து நிலையத்தில் அதே கேள்வியோடு நிற்கிறவர். ஊருக்கு வந்து அறை எடுத்தபின், சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏரியைச் சுற்ற காரை எடுப்பதா, வாடகை சைக்கிளை எடுப்பதா என்று நினைக்கிறவர். இவர்களுக்கெல்லாம் மேலாக நாம், இங்கேயே இருக்கிறவர்கள். பூம்பாறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் டவுனுக்கு வருகிறோம், மன்னவனூரிலிருந்தும் கூக்காலிலிருந்தும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புகிறோம், பூண்டு மூட்டையை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றுகிறோம். சுற்றுலாப் பயணி வருடத்துக்கு ஒருமுறை முடிவெடுக்கிறார். நாம் தினமும் எடுக்கிறோம். காசும் உழைப்பும் நம்மை நோக்கிப் போனால்தான் மிச்சம் ஏதாவது நிற்கும் என்பது என் எண்ணம்.

பறையில் தொடங்குகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப்பேர் கேட்டது அதைத்தான். திண்டுக்கல், வத்தலகுண்டு, பெரியகுளம் பக்கம் அருமையான கலைஞர்கள் இருக்கிறார்கள். கீழே இருந்து ஒரே நாளில் மேலே வந்து ஆடிவிட்டுத் திரும்பலாம், தங்கும் செலவு மிச்சம். அடி விழுந்த மாத்திரத்தில் தெருவே திரும்பும். மைக் வேண்டாம், மேடை வேண்டாம். இரைச்சலான இடத்தில் பறைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் மலையில் பறைக்கு ஒரு பாடு உண்டு, கீழே இருப்பவர்களுக்கு அது தெரியாது. வேப்பமரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கன்றுத்தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறார்கள். தோல் முறுகி, சுண்டிப் பார்த்தால் கணீரென்று கேட்கும் வரை தீயைக் காட்டுவார்கள். சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்கும். கொடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டால், இடது கையின் சிம்புக்குச்சி எழுப்பும் அந்தக் கூர்மையான ஓசைதான் முதலில் மங்கும்; அப்புறம் வலது கை அடிக்குச்சியும் சேர்ந்து தொப்பென்று விழும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பத் தீ மூட்ட வேண்டும். மூஞ்சிக்கல் சந்திப்பில், வண்டிகள் உரசிக்கொண்டு நிற்கும் இடத்தில், எங்கே தீ மூட்டுவது? ஈரம் பாதிக்காத ஃபைபர் தோல் போட்ட பறை இப்போது கிடைக்கிறது, பலர் வாசிக்கிறார்கள். நாதம் அதே நாதமில்லை என்று மூத்த கலைஞர்கள் சொல்வார்கள். அந்த முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும், பணம் கொடுக்கிறோம் என்பதற்காக நாம் சொல்லக் கூடாது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஊராட்சிகளில் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று 2022-இல் தமிழ்நாடு அரசு சொல்லிவிட்டது. ஒரு சாதியின் தோளில் பறையை மாட்டி "கேளுங்கய்யா" என்று தெருத்தெருவாக அனுப்பிய பழக்கம் அது. நாம் பறைக் குழுவை அழைத்துவந்து, கூட்டம் சேரும் வரை அடிக்கச் சொல்லி, சேர்ந்ததும் அவர்களை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து நாம் பேசினால் அந்தப் பழைய வேலையைத்தான் திரும்ப அவர்கள் தலையில் கட்டுகிறோம். பறையாட்டம் என்றால் ஆட்டமே நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். அடவுக்கு நடுவில் செய்தியைச் சொல்வதும் அந்தக் குழுவாக இருக்க வேண்டும். முன்பணம், வண்டி, சாப்பாடு, குளிருக்குக் கம்பளி என எல்லாமே பேச்சுவார்த்தையின் முதல் வரியிலேயே வர வேண்டும்.

இதையெல்லாம் செய்ய முடிந்தால் பறைக்கு நான் சொல்லும் இடம் கொடை ரோடு ரயில் நிலைய வாசலும் வத்தலகுண்டு பேருந்து நிலையமும். அங்கே மேகமும் இல்லை, ஈரமும் இல்லை. முடிவெடுக்காத பயணி பெட்டியோடு நிற்பதும் அங்கேதான். அடுத்த கொடைக்கானல் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லிவிட்டால், அந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். காரணம் சாதாரணமானது: புது ஊரில் பலர் டாக்ஸியில் ஏறுவது பஸ் பயணம் பிடிக்காததால் இல்லை, பஸ் எங்கே என்று தெரியாததால்தான்.

வில்லுப்பாட்டு என் மனசுக்கு நெருக்கமான கலை. கதை சொல்ல அதைவிடப் பொருத்தமானது தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை. வில்லில் கட்டிய மணி, வீசுகோல், குடம், உடுக்கை. புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டியது. "பஸ்ஸுல போன்னு சொல்றீங்களே அண்ணே, பஸ்ஸு வந்தாத்தானே போறது?" என்று பின்பாட்டுக்காரர் கேட்டால் ஊரே சிரிக்கும், புலவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஊர்க்காரர்களின் மறுப்பு கலைக்குள்ளேயே நியாயமாக வந்துவிடுகிறது. கோயில் கொடைகளில் பாடப்பட்டு வந்த இந்தக் கலையைக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சமூகச் செய்தி சொல்வதற்கும் எடுத்தாண்டார், மக்கள் விரும்பிக் கேட்டார்கள்.

ஆனால் வில்லின் ஊர் கன்னியாகுமரியும் நெல்லையும் தூத்துக்குடியும். அங்கிருந்து குழுவை வரவழைத்தால் போக வர ஒரு நாள், தங்க ஒரு நாள். வாத்தியங்களோடு தனி வண்டி வைத்துக்கொண்டுதான் வர முடியும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. நம் மலையின் பிரச்சினையைப் பாட்டாக்க அவர்களுக்கு இங்கே இருந்து பார்க்கக் கொஞ்ச நாளாவது வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் "சுற்றுச்சூழல் காப்போம்" பாட்டுதான் கிடைக்கும். அப்புறம், வில்லுப்பாட்டு உட்கார்ந்து கேட்க வேண்டிய கலை, குறைந்தது ஒரு மணி நேரம். பேருந்து நிலையத்தில் அது எடுபடாது. திருவிழா இரவுதான் சரி. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். சரிவான தெரு என்பதால் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். முன்னால் இழுக்கிறவர்கள் ஒரு பக்கம், தேர் தன் போக்கில் ஓடிவிடாமல் பின்னால் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம். மலைச்சாலையில் வண்டி இறக்குவதைப் பற்றிப் பாட வந்த புலவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று இங்கே டிரைவர் ஆகிற ஒவ்வொரு பையனுக்கும் சொல்லித் தருகிறோமே, அதையும் கதையோடு கோத்துவிடலாம். பணம் இரண்டு மடங்காக இருந்தால் வில்லைத் திருவிழாவுக்கு வரவழைக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். இப்போது அவ்வளவு இல்லை.

தோல்பாவைக்கூத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது அற்புதம். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. ஆனால் பரம்பரையாக ஆடும் குடும்பங்கள் இன்று மிகச் சில. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ராமாயணப் பாவைகள். பஸ்ஸும் ஜீப்பும் கண்டக்டரும் வேண்டுமென்றால் ஆட்டுத்தோலில் புதிதாக வெட்டி, ஓட்டை போட்டு, வண்ணம் ஏற்ற வேண்டும். அவசரத்தில் அட்டையில் வெட்டித் தரச் சொல்வது அந்தக் கலைக்குச் செய்கிற மரியாதை ஆகாது. பிள்ளைகளின் பெற்றோரை எட்ட அது சுற்று வழியும்கூட. அடுத்த கல்வி ஆண்டுக்கு, பள்ளிகளோடு முன்கூட்டியே பேசிச் செய்யலாம். தெருக்கூத்தையும் ஒருவர் சொன்னார். அது வடக்குத் தமிழ்நாட்டின் கலை, விடிய விடிய நடக்கும். கொடைக்கானல் குளிரில் ராத்திரி முழுக்க யாரையும் வெளியில் உட்கார வைக்க முடியாது.

இந்த மலையின் பழங்குடிகளான பளியரின் ஆட்டத்தை வைக்கலாமே என்றும் ஒரு குரல் வந்தது. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்த மலையில் நெருக்கடியை உண்டாக்கியதில் அவர்களுக்குப் பங்கே இல்லை. அவர்களாகவே ஒன்று சொல்ல விரும்பினால் முதல் இடம் அவர்களுக்கு. நம் நிகழ்ச்சிக்கு அலங்காரமாக ஆடச் சொல்லி அழைக்க நமக்கு உரிமை இல்லை.

இனி கும்மி. ஏன் இதில் இவ்வளவு உறுதியாக நிற்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின, சைக்கிள் பழகச் சொல்லிப் பாட்டுகூட இருந்தது. ஆனால் பாட்டை மட்டும் வைத்து அது நடக்கவில்லை. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். பழகுவதற்குப் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். அங்கே பாட்டைப் பாடியவர்களும் சைக்கிளில் ஏறியவர்களும் ஒரே பெண்கள். வெளியூர்க் குழு வந்து பாடிவிட்டுப் போகும் நிகழ்ச்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கும்மியில் அது தானாகவே அமைகிறது. முளைப்பாரிக்குக் கும்மி தட்டாத பெண் மேல்மலையில் குறைவு. கற்றுக்கொடுக்க வெளியாள் தேவையில்லை, வாத்தியம் தேவையில்லை, மேகம் இறங்கினாலும் கைத்தட்டு மங்காது. ஆண்கள் சேர விரும்பினால் ஒயில் இருக்கிறது. கையில் துணி, காலில் சலங்கை, வாத்தியார் ஒரு வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் பழகிய ஆட்டம்தான். நம் தாத்தாக்களில் சிலர் ஆடியிருப்பார்கள்.

சொல்வதற்குச் செய்தியும் இருக்கிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற திட்டம் 2021-இல் வந்தபோது மலைப்பகுதிகளுக்கு அது பெரிதாக எட்டவில்லை. 2024 பட்ஜெட்டில்தான் கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை மலைகளுக்கும் விரிவுபடுத்துவதாக அறிவித்தார்கள். எந்தப் பேருந்தில் இந்தச் சலுகை செல்லும், எதில் செல்லாது என்ற குழப்பம் கிழவிகளுக்கு இன்னும் இருக்கிறது. மாதிரிக்கு நாங்கள் கட்டிப் பார்த்த ஒரு கண்ணி, அதாவது பாட்டின் ஒரு சிறு பகுதி:

மன்னவனூர் பஸ்ஸு வந்துருச்சு – மலை
மேகத்தைத் தள்ளிட்டு வந்துருச்சு
பொன்னம்மா, காசு தரவேணாம் – பூண்டுப்
பொட்டலம் தூக்கிட்டு ஏறிக்கடி

இதை முதல்முறை ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் பாடிக் காட்டியதும், வட்டத்தில் நின்ற ஓர் அக்கா கைத்தட்டை நிறுத்தாமலே பதில் கட்டிவிட்டார்:

நாலு மணிப்பஸ்ஸு போயிருச்சு – இனி
நாளை விடியாமப் பஸ்ஸுமில்ல
காலு கடுக்கவே காத்திருந்தேன் – அந்தக்
கண்டக்டர் அண்ணனைக் கேளுங்கடி

எல்லாரும் சிரித்தோம், ஆனால் அவர் சொன்னது உண்மை. பஸ் இல்லாத நேரத்துக்கு "பஸ்ஸில் போ" என்று பாடினால் அது பொய். மற்ற மூன்று கலைகளிலும் பெரும்பாலும் கலைஞர்கள் முன்கூட்டியே கட்டியதுதான் மேடைக்கு வரும். கும்மியில் ஊர்க்காரர்களின் குறையும் அவர்கள் வாயாலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. எந்த ஊரில் எந்த நேரத்துக்குப் பேருந்து வேண்டும் என்பதை இந்தக் கண்ணிகளிலிருந்தே எடுத்து மனுவாக எழுதிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் கோட்டாட்சியருக்கும் கொடுக்கலாம். விழிப்புணர்வு நமக்கு மட்டும் வேண்டியதில்லை, நேர அட்டவணை போடுகிறவர்களுக்கும் வேண்டும்.

கும்மியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பழக நாள் பிடிக்கும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. சீசனில் காட்டேஜ் வேலை, பூண்டு அறுவடை என்று பெண்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்களின் நேரத்தை இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிக்கலைஞருக்குக் கொடுக்க ஒதுக்கிய பணத்தை ஒத்திகைக்கு வரும் பெண்களுக்கே கூலியாகக் கொடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கிறேன். பறைபோல அது தூரத்து ஆளை இழுக்கவும் செய்யாது. பயணிகளை நிறுத்திப் பார்க்க வைப்பது கஷ்டம். நம்மவர்களிடம் பேசத்தான் அது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

நடைக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிறவர்களின் காவடிச்சிந்து நடையின் வேகத்திலேயே பிறந்த மெட்டு. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற அது கை கொடுக்கும். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் கும்பக்கரை, வெள்ளகவி வழியாக நடந்துதான் இந்த ஊருக்கு ஏறி வந்தார்கள், வெள்ளைக்காரர்களை நாற்காலியில் தூக்கி வந்ததும் அந்தப் பாதையில்தான். சாலை இல்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த வெள்ளகவி மக்களிடம் நடையின் பெருமையைப் பாட நமக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது வண்டி. அந்தச் சிந்துப் பாட்டை நாயுடுபுரத்திலிருந்தும் ஆனந்தகிரியிலிருந்தும் டவுனுக்குள் நடக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், செலவே இல்லை.

கடைசியாக ஜீப், டாக்ஸி ஓட்டும் அண்ணன்மார் விஷயம். எந்தக் கலையை எடுத்தாலும் அவர்களை வில்லனாக்கிக் கதை கட்டினால் நான் அதில் இருக்க மாட்டேன். பேருந்து போகாத ஊருக்கு ராத்திரி பிரசவ வலி எடுத்தவளை ஏற்றி வருவது அவர்கள்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஜீப் என்று போவதை விட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு ஓட்டினால் அவர்களுக்கும் வருமானம் குறையாது, சாலையிலும் வண்டி குறையும். பேருந்தில் ஐம்பது பேர் வந்தால் ஒரு வண்டி, காருக்கு நான்கு பேராக வந்தால் பன்னிரண்டு பதின்மூன்று வண்டி. நிறைத்து ஓட்டும் ஜீப் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்டாண்டில் போய் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பக்கத்துக் கண்ணியை அவர்களையே கட்டச் சொல்ல வேண்டும். ஒயில் ஆட ஆள் தேடுகிறோம் என்றால் அங்கேதான் முதலில் கேட்பேன்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவது இது. பணத்தில் பெரும்பங்கு மேல்மலையில் கும்மிக்கும் ஒயிலுக்கும், ஒத்திகைக் கூலி உட்பட. பூம்பாறையில் தொடங்கி மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்று பஸ் போகிற வழியிலேயே, பஸ் நிற்கிற இடத்திலேயே ஆட்டம். மிச்சத்தில் வத்தலகுண்டிலும் கொடை ரோட்டிலும் பறை, சீசன் தொடங்கும் வாரத்தில். வில்லும் பாவையும் அடுத்த வருடத்துக்கு. கீழ்மலைக்காரர்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தனியாகச் செய்ய விரும்பினால் இந்தக் கண்ணிகளை எடுத்துக்கொண்டு ஊர்ப்பெயரை மாற்றிப் பாடலாம். நாலு மணிப் பஸ் கண்ணியை யாரும் வெட்டிவிடக் கூடாது, அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருக்கிற நாளிலும் அதைப் பாட வேண்டும்.